நீல ஜன்னல் வீட்டுக்கு ஒரு நாள் டூர்

— செத்த நேரம் எங்கயும் நிறுத்தீராதீக தம்பி. பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டட்டும்.

— நான் நிறுத்தலம்மா, முன்னால மில் பஸ் திரும்புது. நீங்க எதுக்கு சீட்டுக்கு அடியில போய் உக்காந்திருக்கீக? ஏதும் கீழ விழுந்துட்டா?

— ஒண்ணும் விழல. நீங்க ரோட்டப் பாருங்க.

— ரோட்டத்தான் பாக்கேன். ஆனா பாருங்கம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில உங்களை ஏத்துனேன். ராஜபாளையம் வந்து சேருறதுக்குள்ள மூணு தடவ முக்காடு போட்டுட்டீக. இப்ப கீழயே இறங்கிட்டீக. பதினோரு வருசமா டூர் கார் ஓட்டுதேன், இப்படி ஒரு கெஸ்ட்ட இந்த பெலிக்ஸ் பாத்ததில்ல.

— அந்த டீக்கடை வாசல்ல யாரும் நிக்காகளா?

— டீக்கடையில ஆள் நிக்காம என்ன? நாலு பேரு நிக்காக.

— பெரிய மீச வச்ச ஆளு, கழுத்துல பச்சைத் துண்டு?

— ஆமா. ஒருத்தரு இருக்காரு.

— இங்கிட்டுப் பாக்கானா?

— பாக்கல. வர்ற பஸ்ஸையெல்லாம் பாக்காரு. ஒரு பஸ்ஸு விடாம, எறங்குற ஆளுக மூஞ்சியத்தான் பாக்காரு. யாரும்மா அது?

— எனக்கு என்ன தெரியும். தாண்டியாச்சா?

— தாண்டியாச்சு. சங்கரன்கோவில் ரோட்டுக்கே வந்தாச்சு. எந்திரிச்சு மேல உக்காருங்க. அந்த டிபன் கேரியரக் குடுங்க, முன் சீட்டுல வைக்கேன்.

— வேண்டாம்.

— மடியில வச்சா சாஞ்சிரும்மா, நாலடுக்கு கேரியரு.

— என் கையிலயே இருக்கட்டும். அத யாரும் தொடப்படாது.

— சரி சரி, தொடல. எதுக்கு இந்தக் கோவம்? பாருங்கம்மா, இன்னைக்கு மூணு ஊரு. காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், கடைசியா மணப்பாடு. மூணும் பழைய துறைமுகம். கதை சொல்லிக்கிட்டே வருவேன், சலிக்காம கேக்கணும், ஓகேங்களா?

— கதையெல்லாம் வேண்டாம். வெரசா போங்க. பொழுது சாயுமுன்ன நான் கூமாப்பட்டியில இருக்கணும்.

— ஏறுனது ஸ்ரீவில்லிபுத்தூரு, எறங்குறது கூமாப்பட்டியா?

— எங்க அக்கா ஊரு. முத பஸ்ஸுல அங்க இருந்துதான் வந்தேன். ஏய்யா, ஒரு பொம்பள தனியா கடக்கரைக்குப் போனா இம்புட்டுக் கேள்வியா?

*

— பாருங்கம்மா, இந்தக் காயல்பட்டினத்துல அந்தக் காலத்துல அரபு நாட்டுல இருந்து கப்பல்ல குதிரை வந்து இறங்கும். ஆளுக்கு விலை கம்மி, குதிரைக்கு விலை ஜாஸ்தி. அந்தா தெரியுதே பள்ளிவாசல், அதுல உள்ள கல்தூணு...

— தம்பி, இந்த ஊர்ல வாடகைக்கு வீடு எந்தத் தெருவுல கிடைக்கும்?

— வாடகைக்கா? நீங்க சுத்திப் பாக்க வந்தீகளா, குடி வர வந்தீகளா?

— சும்மா கேட்டேன். வெளியூர்ல இருந்து புதுசா கல்யாணம் ஆனதுக யாரும் வந்து தங்குமா?

— அது எனக்குத் தெரியாதும்மா. உங்க பேரு என்ன சொன்னீக, இருளம்மாளா?

— ஆமா. இருளம்மாள்.

— இப்ப அந்தத் தெருவுல ‘இருளம்மா, பாத்து வாங்க, சாக்கடை’ன்னு ரெண்டு தடவ கத்துனேன். நீங்க திரும்பக்கூட இல்ல.

— காது சரியா கேக்கல.

— கார்ல நான் முணுமுணுத்தது கேட்டது.

— தம்பி, பேரு கிடக்கட்டும். இந்தப் போட்டோவப் பாருங்க. ஆளப் பாக்க வேண்டாம். பின்னால பாருங்க. நீலப் பெயிண்டு அடிச்ச ஜன்னலு. பக்கத்துச் சுவத்துல சங்கு பதிச்சிருக்கு. தெரியுதா?

— தெரியுது.

— உங்க நோட்டீசுலயும் இதே ஜன்னலு இருக்கு. வாழையிலையில மீனும் சோறும் வச்சு, பின்னால இந்தச் சங்கு. எங்க அக்கா வீட்டுப் பக்கத்துல பேன்சி கடையில ஒட்டியிருந்தது. அதப் பாத்துத்தான் கடைக்காரி போன்ல உங்களக் கூப்பிட்டேன். மூணு ஊரு பேரு போட்டிருந்தீக. இது அதுல எந்த ஊரு?

— இது... நோட்டீசு அடிச்ச பய எங்கயோ இருந்து எடுத்துப் போட்ட படம்மா. நம்ம ஊருக படமே இல்ல.

— பொய் சொல்லாதீக. சாவியக் கீழ போட்டுட்டீக பாருங்க.

— டீ குடிக்கல இன்னும். அதான். இந்தப் பிள்ளை உங்களுக்கு யாரு?

— தெரிஞ்ச பிள்ளை.

— மூக்கு அப்படியே உங்க மூக்கு மாதிரி இருக்கு.

— எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்கய்யா.

— கார்லயே இருங்கம்மா. கண்ணாடிய ஏத்திக்கிடுங்க. ஒரு டீயப் போட்டுட்டு ஓடி வந்துருதேன்.

*

— ஒரு டீக்கு இருபது நிமிசமா? யார்கிட்ட போன்ல பேசினீக?

— வீட்டுக்கு.

— வீட்டுக்குப் பேசுறவரு எதுக்கு என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கணும்? எங்க அண்ணன்கிட்டதான பேசினீக? சத்தியமாச் சொல்லுங்க.

— உங்க அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாதே.

— மொக்கைச்சாமின்னு கேட்டதில்லையா? ராஜபாளையத்துல கார் ஓட்டுத அம்புட்டுப் பேரையும் அவன் தெரிஞ்சு வச்சிருப்பான்.

— அந்தப் பச்சைத் துண்டுக்காரரா?

— அவன்தான்.

— ஏசப்பா சத்தியமா எனக்கு அவரைத் தெரியாதும்மா. உங்களையும் தெரியாது. நான் பிள்ளைகுட்டிக்காரன். சுத்திப் பாக்க வர்றவுகளக் கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறவன். என்னைய எதுலயும் இழுத்து விட்டுறாதீக.

— அப்ப நேரா அடுத்த ஊருக்கு விடுங்க.

— குலசேகரன்பட்டினந்தான். முத்தாரம்மன் கோயில். பாருங்கம்மா, தசராவுக்கு இங்க லட்சம் பேரு வேசம் போட்டு வருவாக. காளி வேசம், குறவன் வேசம், போலீசு வேசம். யாரு எவருன்னு பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

— பெத்தவளுக்குத் தெரியும்யா. நடையிலயே தெரிஞ்சுக்கிடுவா.

— சரிம்மா. இறங்குங்க. சாமி கும்பிட்டுட்டு, நிதானமா ஒரு எளநீ குடிச்சுட்டுப் போவோம்.

— சாமிய கார்ல இருந்தே கும்பிட்டேன். வண்டிய எடுங்க.

— பழைய உப்புக் கிட்டங்கி, அதான் குடோனு, ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துட்டு...

— நான் வண்டிய எடுக்கச் சொல்லுதேன், நீங்க உப்பக் காட்டுதேங்கீக. எதுக்கு நிமிசத்துக்கொருக்க மணியப் பாக்கீக?

— பத்தே கால் ஆகட்டும்மா. மணப்பாட்டு ரோட்டுல இப்ப மீன் வண்டிக நிக்கும். ஒதுங்க எடம் கிடைக்காது.

— உங்களப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு தம்பி.

— எனக்கும் உங்களப் பாத்தா அப்படித்தான் இருக்கு.

*

— பாருங்கம்மா, மணப்பாடு. அந்தக் குன்று மேல வெள்ளையா தெரியுறது சிலுவைக் கோயில். கீழ கடலுக்குப் பக்கத்துல சவேரியார் இருந்த குகை. அதுக்குள்ள ஒரு கிணறு இருக்கு. சுத்தி உப்புத் தண்ணி, கிணத்துல மட்டும் நல்ல தண்ணி. பாக்கீகளா?

— வேண்டாம்.

— சரி, அப்ப நீங்க பாக்க வந்தத நானே காட்டிருதேன். இந்த முக்கு திரும்புனதும்... அந்தா. நீல ஜன்னலு. சங்கு. இறங்கிப் பாத்துக்கிடுங்க.

— காயல்பட்டினத்துல தெரியவே தெரியாதுன்னீக. இப்ப நீங்களே வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டீகளே?

— தெரியும்னாத்தான் என்ன? பூட்டுத் தொங்குது பாருங்க. உள்ள யாரும் இல்ல.

— இந்த எடத்துலதான் நின்னிருக்கா. இந்தச் சுவத்துல சாஞ்சுதான் நின்னிருக்கா... தம்பி, இந்தக் கோலம் காலையில போட்டது.

— கோலத்தப் பாத்தே மணி சொல்லுவீகளோ?

— ஓரமா நாலு சுழி போட்டிருக்கு பாருங்க, அது எங்க வீட்டுக் கோலம். நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது. கோடு இன்னும் கலையல. காலையில இருந்திருக்கா. இப்ப எங்க போயிட்டா?

— நான் என்னத்தக் கண்டேன்.

— அந்த ஜன்னலு செத்த தொறந்தாப்புல இல்ல?

— கடக்காத்துக்கு எந்த ஜன்னலும்மா ஒழுங்கா மூடுது. பாத்தாச்சுல்ல, கிளம்புவோம்.

— நான் வரல. அவ வர்ற வரைக்கும் இங்கனயே உக்காந்திருப்பேன்.

— வர மாட்டா.

— எப்படித் தெரியும்?

— நான்தான் போகச் சொன்னேன்! போதுமா? டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு சாம்சனுக்குத்தான் போன் போட்டேன். ‘ஏலே, ரஞ்சனியோட அம்மா என் கார்ல உக்காந்திருக்காக, உங்க போட்டோவக் கையில வச்சிருக்காக, மடியில ஒரு கேரியரு வச்சிருக்காக, வீட்டப் பூட்டிட்டு இப்பவே கிளம்பு’ன்னு சொன்னேன். அவன் ஏதோ கேக்க வந்தான். நான் கேக்கல. போனை அமத்தி வச்சிருன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.

— உங்களுக்கு அவுகளத் தெரியுமா?

— என் கெஸ்டுகளுக்கு மத்தியானச் சாப்பாடு இந்த வீட்டுலதான். சாம்சன் தளவாய்புரத்துப் பையன், இங்க ஐஸ் கம்பெனியில வேலை பாக்கான். ரஞ்சனி வைக்கிற மீன் குழம்புக்கே ஆளுக திரும்பி வருவாக. என்னைய வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிடும் அந்தப் பிள்ளை. நான் ஒரு முட்டாப் பய, அந்த ஜன்னலோட சேத்து படம் எடுத்து நோட்டீசு அடிச்சேன். ஒளிஞ்சு கிடக்கிற பிள்ளைக வீட்ட நானே ஊரு பூரா ஒட்டி வச்சிருக்கேன்னு காலையில நீங்க போட்டோவ நீட்டும்போதுதாம்மா எனக்கு உறைச்சது.

— அவளுக்கு நல்லது செஞ்சிருக்கீக. எனக்கும் செய்யுங்க. எங்க அனுப்புனீக?

— மொத அந்தக் கேரியர்ல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

— சோறு.

— என்ன சோறு?

— புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. அவளுக்கு ஏழாம் மாசம். பெத்தவ கட்டுச்சோறு கொண்டு வரணும்ல? மடியில வளவி இருக்கு. வேப்பங்கொழுந்துல வளைச்ச வளவியும் ஒண்ணு இருக்கு. அதத்தான் மொத போடணும்.

— போட்டோ எப்படிக் கிடைச்சது?

— எங்க அக்காவுக்குத் தபால்ல போட்டிருந்தா. அட்ரஸ் இல்ல, நம்பர் இல்ல. பின்னால ரெண்டே வரி. ஏழாம் மாசம், நல்லா இருக்கேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க பெரியம்மான்னு.

— கேரியரத் தொறங்க.

— தொறக்கப்படாது. பிள்ளத்தாச்சி வாயில மொத வாய் விழுகிறதுக்கு முன்ன வேற யாரும் வாய் வைக்கப்படாது. எங்க வழக்கம்.

— வழக்கம் இருக்கட்டும். நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க.

— என்னது?

— நாலு அடுக்குலயும். ஒவ்வொரு வாய். எங்கண்ணு முன்னால.

— எதுக்குய்யா?

— எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்மா. ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி அருவாளோடதான் வருவாகன்னு இல்ல. அம்மா அழுதுக்கிட்டே பாலும் சோறும் கொண்டு வந்து குடுத்த கதையெல்லாம் நான் கேட்டிருக்கேன்.

— எம் பிள்ளைக்கு நான் வெசம் வைப்பேன்னு சொல்லுத.

— நீங்க வைப்பீகன்னு சொல்லல. யாரும் வச்சுக் குடுத்து விட்டிருக்கலாம்னு சொல்லுதேன். பேர மாத்திச் சொன்னீக. சீட்டுக்கு அடியில ஒளிஞ்சீக. அந்தக் கேரியரத் தொட விடல. என் எடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீக?

— அய்யோ... அய்யோ தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, லைட்டப் போடாம, அடுப்பு வெளிச்சத்துலயே பொங்குனது. அவளுக்கு வறுத்த கடலை கூடப் போட்டாத்தான் பிடிக்கும்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அத நான் எச்சி பண்ணிட்டா, அந்தப் பிள்ளைக்கும் வயித்துல இருக்கிறதுக்கும் ஆகாதுய்யா. நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்ல.

— சாப்பிடலைன்னா நான் எதையும் சொல்ல மாட்டேன். இப்படியே காரைத் திருப்பி தேரடியில இறக்கி விட்டுட்டுப் போயிருவேன்.

— தண்ணி குடு. கையக் கழுவணும்.

— இந்தாங்க.

— தாயே, என்னைய மன்னிச்சிரு. எம் பிள்ளைக்கு ஒண்ணும் வந்துரப்படாது. எது வந்தாலும் எனக்கு வரட்டும்... இந்தா பாருய்யா. புளிச்சோறு.

— ம்.

— எலுமிச்சஞ்சோறு.

— மெதுவா, மெதுவா. விக்குது பாருங்க.

— தேங்காய்ச்சோறு. தயிர்ச்சோறு. தின்னுட்டேன். வாயப் பாக்கணுமா? ஆ... போதுமா? இனிமே இது கட்டுச்சோறு இல்ல. வெறும் சோறு.

— அழாதீகம்மா. நான் செஞ்சது பாவந்தான். ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு இங்க என்னைய விட்டா ஆளு இல்ல.

— நான் அவளக் கூட்டிட்டுப் போக வரலைய்யா. சோறு குடுக்கக்கூட இல்ல, அது கையோட கொண்டு வந்தது. அவ என்னைய ஒரு தடவ கண்ணால பாத்தாப் போதும்னு வந்தேன். நான் உசிரோட, ரெண்டு காலுல நிக்கேன்னு அவ பாக்கணும்.

— உசிரோட நிக்காம?

— உங்க போனுக்கு வரலையா? ரத்தம் வேணும்னு? அம்புட்டுப் பேருக்கும் வந்திருக்கே.

— எந்த ரத்தம்... இருங்க. இதுவா? ‘மிக அவசரம். மாரீஸ்வரி, வயது நாற்பத்தெட்டு. ராஜபாளையத்தில் தனியார் மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறார். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை.’ இந்தச் சின்னப் படத்துல இருக்கிறது... அம்மா, இது நீங்க!

— நான்தான் மாரீஸ்வரி. இருளம்மாள் எங்க அக்கா பேரு.

— நான் படத்த எங்க பாத்தேன். தலைப்ப மட்டும் பாத்துட்டு...

— எனக்கு ஒரு நோயும் இல்ல. எங்க அண்ணன் கட்டி விட்டது. எனக்கும் எம் பிள்ளைக்கும் ஒரே ரத்தம், லேசுல கிடைக்காத ரத்தம். அவளுக்குப் பன்னெண்டு வயசுல ஆபரேசன் நடந்தப்ப நான்தான் குடுத்தேன். அம்மாவுக்கு அந்த ரத்தம் வேணும்னு பாத்தா அவ எங்க இருந்தாலும் ஓடி வருவான்னு மொக்கைச்சாமிக்குத் தெரியும். அவன் மகன் சிவபாண்டிக்குத்தான் அவளப் பேசி வச்சிருந்தது. தாய்மாமன் உரிமைய அவ மதிக்காமப் போயிட்டான்னு எட்டு மாசமா மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியுதான். பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு, ஆஸ்பத்திரி வாசல்ல நாலு பேரு நிறுத்தியிருக்கான். அருவா வண்டியில இருக்கு.

— உங்க வீட்டுக்காரரு?

— அவிய வாயத் தொறக்க மாட்டாக. ஆஸ்பத்திரியில கிடக்கிறவ ரோட்டுல நடமாடக் கூடாதுன்னு என் போனைப் பிடுங்கிட்டு கூமாப்பட்டியில அக்கா வீட்டுல கொண்டு போய் அடைச்சுட்டாக. உங்களுக்குப் போன் போடப் போனப்பயும், இன்னைக்குக் காலையிலயும் அக்காதான் கொல்லைக் கதவத் தொறந்து விட்டா. அதனாலதான்யா சீட்டுக்கு அடியில ஒளிஞ்சேன்.

— அம்மா...

— சொல்லு.

— இந்த மெசேஜ நானும் அனுப்புனேம்மா. நல்ல காரியம்னு நினைச்சு அம்புட்டுக் குரூப்புக்கும் தட்டி விட்டேன். மணப்பாட்டுக் குரூப்புக்கும். சாம்சன் அந்தக் குரூப்புல இருக்கான்.

— அப்ப அவ பாத்திருப்பா.

— நேத்து சாயங்காலமே பாத்திருப்பா.

— பாத்திருந்தா இன்னைக்கு ராஜபாளையத்துக்குக் கிளம்பிருவாளே! நல்ல வேளை, நீ வேற எங்கயோ அனுப்பி வச்ச. எங்க அனுப்புன? தூத்துக்குடிக்கா? நாகர்கோவிலுக்கா?

— தேடுற ஆளுக எல்லாம் கடக்கரைக்கு வந்துட்டாகன்னு நினைச்சேம்மா. அந்தப் பச்சைத் துண்டுக்காரரு உங்களத்தான் தேடுதாருன்னு இருந்துட்டேன். அப்ப உங்க ஊருப் பக்கந்தான் பிள்ளைகளத் தேடி யாரும் இருக்க மாட்டாகன்னு நினைச்சேன். எந்தங்கச்சி பரிபூரணம் அங்கதான் இருக்கா. அவ வீட்டுல ரெண்டு நாள் இருக்கட்டும்னு...

— அங்கன்னா எங்க?

— ராஜபாளையம்.

— அடப்பாவி!

— பத்து மணி பஸ்ஸு. திருநெல்வேலி போய் மாறி, பழைய பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கச் சொன்னேன்.

— மொக்கைச்சாமி நிக்கிற எடத்துலயேவா! ஏய்யா, நீ நல்லா இருப்பியா? எம் பிள்ளைய நீயே கொண்டு போய் விட்டுட்டியே! போன் போடு. உடனே போடு.

— போடுதேன்... போகல. அமத்தி வச்சிருக்கான். நான்தான் அமத்தச் சொன்னேன். கர்த்தரே, நான்தான் சொன்னேன்.

— திரும்பப் போடு!

— போகலம்மா. இருங்க, தங்கச்சிக்குப் போடுதேன். ஏட்டி பரிபூரணம், நான் சொன்னதக் கேளு... பேசாத, கேளு. பஸ் ஸ்டாண்டுக்கு நீ போகாத. இல்ல, போ. அய்யோ, எனக்கே தெரியல... மாப்பிள்ளைய அனுப்பு. சங்கரன்கோவில் ரோட்டுல ஊருக்கு வெளிய வச்சு பஸ்ஸ நிறுத்தச் சொல்லு. எந்த பஸ்ஸுன்னா, திருநெல்வேலியில இருந்து வர்ற அம்புட்டு பஸ்ஸையும். மாசமா இருக்கிற பிள்ளை, கூட ஒரு ஒல்லிப் பையன்... போலீசுக்கும் போன் போடச் சொல்லு. சரி, வையி, வையி.

— மணி என்ன?

— பதினொண்ணே கால். இப்ப திருநெல்வேலி தாண்டியிருக்காது. ஏறுங்கம்மா. தொண்ணூறுல அடிச்சா சங்கரன்கோவில்ல வச்சுப் பிடிச்சிரலாம்.

— நான் எச்சி பண்ணுன சோறு. அப்பவே சொன்னேன். அது உடனே வேலையக் காட்டிருச்சு பாத்தியா!

— அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஏறுங்க. கேரியர விடுங்க, அப்புறம் எடுத்துக்கிடலாம். என் கையப் பிடிங்க. கதவ நல்லா...

— அம்மா!

— யாரு? தம்பி, யாரது கூப்பிட்டது?

— ரஞ்சனி! ஏ பிள்ளை, நீ பஸ் ஏறலையா?

— ஏட்டி... ஏட்டி சிவரஞ்சனி! ஓடாத, வயித்தப் பிடிச்சுக்கோ. மெதுவா வா. தாயே... கண்ணு முன்னால நிக்கியே. நெசமாவே நீதானா?

— நான்தாம்மா. அழாத. பைய எடுத்துக்கிட்டு உன்னைப் பாக்கத்தான் காலையில கிளம்பி நின்னேன். அப்பதான் பெலிக்ஸ் அண்ணன் போன் வந்தது. அம்மா கார்ல உக்காந்திருக்காகன்னு சொன்னாக. உசிருக்குப் போராடுறவ எப்படிக் கார்ல வருவா? மாமா சோலின்னு அப்பவே புரிஞ்சு போச்சு. பைய கீழ வச்சுட்டேன். வாசல்ல பூட்டத் தொங்க விட்டுட்டுப் பின்வாசல் வழியா உள்ள வந்து உக்காந்துட்டோம். அவரும் உள்ளதான் இருக்காரு.

— கேட்டீகளாம்மா? நான் பயந்து போட்ட போனுதான் பிள்ளைய நிறுத்தியிருக்கு. ஏசப்பா, உமக்கு ஸ்தோத்திரம்.

— அப்ப நான் நல்லா இருக்கேன்னு உனக்குக் காலையிலயே தெரியுமா? பொறவு ஏன்டி கதவத் தொறக்கல? அம்புட்டு நேரமா உன் வாசல்லதான நின்னு கதறுதேன்?

— ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன். நீ நாலு அடுக்குலயும் மொத வாய் தின்னுட்டு, கால் மணி நேரம் நல்லா நிக்கிறியான்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.